ஒரே நினைவகத்தில் பல முறைவழிகள்: தரவுப் பொதிகளைக் கூட்டாகக் கையாளல்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமையையும் கணினி வலையமைப்பையும் நீங்கள் இரண்டு தனி அலகுகளாகப் படித்திருப்பீர்கள். "முறைவழி என்றால் என்ன?" என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் வரைவிலக்கணம் சொல்வீர்கள். "பணிசெயல் முறைமை ஒவ்வொரு முறைவழிக்கும் தனித்தனி நினைவக இடம் கொடுப்பது ஏன்? கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பரீட்சையில் "காரணம் தருக" என்னும் வினாக்களில் புள்ளிகள் பறிபோவதும் இந்த இடத்தில்தான்.

ஒரு விதிக்கான காரணத்தை அறிய நல்ல வழி ஒன்று உண்டு. அந்த விதியை வேண்டுமென்றே தளர்த்தி வேலை செய்யும் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கு கிடைத்த நன்மை எது, கொடுத்த விலை எது என்று கணக்குப் பார்த்தால் விதியின் காரணம் தானாக விளங்கும். டிபிடிகே என்னும் மென்பொருள் அப்படிப்பட்ட ஓர் இடம். இதன் பெயர் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. எனவே பெயரை மனனம் செய்ய வேண்டாம். காரணங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கலைப் பட்டதாரியான எனக்கே இது விளங்கியது என்றால் உங்களுக்கு நிச்சயம் விளங்கும்.

1. படித்ததை நினைவுபடுத்துவோம்

வன்தட்டில் சேமிக்கப்பட்டிருப்பது செய்நிரல். அது நினைவகத்தில் ஏற்றப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது முறைவழி எனப்படும். ஒரே செய்நிரலை இரண்டு தடவை திறந்தால் இரண்டு முறைவழிகள் உருவாகும்.

பணிசெயல் முறைமை ஒவ்வொரு முறைவழிக்கும் தனியான மெய்நிகர் முகவரி வெளியை வழங்குகின்றது. ஒரு முறைவழி மற்றொன்றின் நினைவகத்தைப் பார்க்கவோ மாற்றவோ முடியாது. இதனால் ஒன்று பழுதடைந்தாலும் மற்றையது தப்பிக்கொள்ளும். இது பாதுகாப்பு. ஆனால் இரு முறைவழிகள் தரவைப் பரிமாற வேண்டுமானால், பொதுவாக ஒன்றின் இடத்திலிருந்து மற்றையதன் இடத்துக்கு அதனைப் பிரதி செய்ய வேண்டும். இது செலவு.

சாதாரண வேலைகளில் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. அது பெரிதாகத் தெரியும் ஓர் இடத்தைப் பார்ப்போம்.

2. ஒரு பொதிக்கு எவ்வளவு நேரம்?

வலையமைப்பில் தரவு சிறு பொதிகளாகப் பயணம் செய்கின்றது. செக்கனுக்கு 10 கிகாபிற்று வேகமுள்ள ஈதர்நெற் இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈதர்நெற்றில் மிகச் சிறிய சட்டகம் 64 பைற்று ஆகும். ஒவ்வொரு சட்டகத்துடனும் முன்னறிவிப்புக்காகவும் இடைவெளிக்காகவும் 20 பைற்று இடம் சேர்கின்றது.

மொத்தம் = 64 + 20 = 84 பைற்று
பிற்றுகளில் = 84 × 8 = 672 பிற்று
ஒரு பொதிக்கான நேரம் = 672 ÷ 10,000,000,000 செக்கன் = 67.2 நனோ செக்கன்

அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 14.88 மில்லியன் பொதிகள் வரக்கூடும். 3 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள செயலி ஒன்றின் ஒரு கோருக்கு 67.2 நனோ செக்கனில் கிடைப்பது ஏறக்குறைய 200 கடிகாரச் சுற்றுகள் மட்டுமே. பொதியைப் பெறுதல், முகவரியைப் பார்த்தல், எங்கு அனுப்புவது எனத் தீர்மானித்தல், அனுப்புதல் ஆகிய எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். நேரம் பிந்தினால் பொதிகள் கைவிடப்படும்.

வழமையான முறையில், பொதி வந்ததும் வலையமைப்பு இடைமுக அட்டை செயலிக்குக் குறுக்கீட்டுச் சைகை அனுப்பும். பணிசெயல் முறைமை அதனைக் கவனித்து, பொதியைப் பல படிகளினூடாகக் கொண்டு சென்று, இறுதியில் முறைவழியின் நினைவகத்துக்குப் பிரதி செய்யும். 200 சுற்றுகளுக்குள் இவை அனைத்தையும் செய்ய இயலாது.

3. டிபிடிகே என்பது யாது?

டேட்டா பிளேன் டிவலப்மென்ட் கிட் என்பதன் சுருக்கமே டிபிடிகே. பொதிகளை மிக விரைவாகக் கையாளும் மென்பொருள்களை எழுத உதவும் செய்நிரல் நூலகங்களின் தொகுதி இது. 2010இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கியது. 2013இல் இதற்கான திறந்த மூலச் சமூகத் தளம் அமைந்தது. 2017இல் லினக்ஸ் பவுண்டேசனின் திட்டங்களில் ஒன்றாகியது.

இதன் வேகத்துக்கு மூன்று முக்கிய காரணங்கள் உள்ளன.

(அ) பொதிகள் பணிசெயல் முறைமையின் வழமையான படிகளைத் தாண்டி, முறைவழியின் நினைவகத்துக்கு நேரடியாக வருகின்றன.

(ஆ) குறுக்கீட்டுக்குக் காத்திராமல், "பொதி வந்ததா, வந்ததா" என்று செயலியே அட்டையைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கின்றது. வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுக்காமல் கூட்டமாக எடுக்கின்றது.

(இ) பெரும் பக்கங்கள் பயன்படுகின்றன. நினைவகம் வழக்கமாக 4 கிலோபைற்றுப் பக்கங்களாகப் பிரிக்கப்படும். 1 கிகாபைற்றுக்கு 262,144 பக்கங்கள் தேவை. பக்கம் ஒன்று 2 மெகாபைற்று எனின் 512 பக்கங்கள் போதும். முகவரி தேடும் வேலை வெகுவாகக் குறைகின்றது.

4. ஏன் பல முறைவழிகள்?

ஒரே ஒரு முறைவழியே எல்லாவற்றையும் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம். ஆயினும் பிரித்துச் செய்வதில் மூன்று நன்மைகள் உண்டு.

• ஒரு பகுதி பழுதடைந்தால் அப்பகுதியை மட்டும் நிறுத்தி மீண்டும் தொடக்கலாம். மற்றையவை ஓடிக்கொண்டிருக்கும்.
• வெவ்வேறு வேலைகளுக்கு வெவ்வேறு செய்நிரல்களை எழுதலாம்.
• ஓடிக்கொண்டிருக்கும் முறைமையை நிறுத்தாமல், அதன் புள்ளிவிபரங்களைப் பார்க்கும் கருவியையோ பொதிகளைப் பதிவு செய்யும் கருவியையோ இடையில் இணைத்துவிட்டுப் பின்னர் விலக்கிக்கொள்ளலாம்.

பிரித்தால் பொதியை ஒரு முறைவழியிலிருந்து மற்றையதற்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிரதி செய்தால் பெற்ற வேகம் வீணாகும். இதற்கான தீர்வு, நினைவகத்தின் ஒரு பகுதியை எல்லா முறைவழிகளும் பகிர்ந்துகொள்வதாகும். "தனித்தனி நினைவகம்" என்னும் விதி தளர்த்தப்படுவது இங்குதான்.

5. முதன்மையும் துணையும்

டிபிடிகேயில் முறைவழிகள் இரு வகைப்படும்.

முதன்மை முறைவழி: முதலில் தொடங்குவது இது. பெரும் பக்கங்களை ஒதுக்கி, பகிர் நினைவகத்தை உருவாக்கி, அட்டைகளைத் தயார்ப்படுத்தி, தான் செய்த ஒழுங்குகளை ஒரு கோப்பில் குறித்து வைக்கும். ஒரு குழுவுக்கு முதன்மை ஒன்று மட்டுமே இருக்கும்.

துணை முறைவழி: பின்னர் வந்து சேர்வது இது. முதன்மை எழுதிவைத்த கோப்பை வாசித்து, அதே நினைவகத்துடன் தன்னை இணைத்துக்கொள்ளும். துணைகள் பல இருக்கலாம். பகிர் நினைவகத்தை முதன்முதலில் உருவாக்கும் உரிமை துணைக்கு இல்லை. 2018இல் வெளிவந்த பதிப்பிலிருந்து, ஓடும்போது மேலதிக நினைவகம் தேவைப்பட்டால் துணையும் பெறலாம். ஆனால் முதன்மையிடம் செய்தி அனுப்பிக் கேட்டே பெற வேண்டும்.

துணை வந்ததும் தனக்கு வேண்டிய பொருளைத் தேடுவது எவ்வாறு? பெயரால். முதன்மை உருவாக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் பெட்டிக் களஞ்சியத்துக்கும் ஒரு பெயர் இடும். துணை அப்பெயரைச் சொல்லித் தேடி எடுக்கும். ஒரே கணினியில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரு குழுக்கள் ஓட வேண்டுமாயின், ஒவ்வொரு குழுவின் கோப்புகளுக்கும் வேறு முன்னொட்டுப் பெயர் கொடுக்கப்படும்.

6. தபாற் கந்தோர் உதாரணம்

பெரிய தபாற் கந்தோர் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். சுவர் முழுவதும் இலக்கமிட்ட பெட்டிகள் உள்ள ஓர் அலுமாரி. கடிதம் வந்ததும் ஓர் அலுவலர் அதனை 45ஆம் பெட்டியில் வைக்கின்றார். அடுத்த அலுவலரிடம் கடிதத்தைத் தூக்கிச் செல்லாமல் "45" என்று எழுதிய துண்டை மட்டும் கொடுக்கின்றார். அவர் 45ஆம் பெட்டியைத் திறந்து தன் வேலையைச் செய்கின்றார். கடிதம் அசையவே இல்லை.

இங்கு அலுமாரி பகிர் நினைவகம். கடிதம் தரவுப் பொதி. துண்டு என்பது முகவரியைக் கொண்ட சுட்டி. 64 பிற்றுக் கணினியில் ஒரு சுட்டியின் அளவு 8 பைற்று. 1,500 பைற்றுப் பொதியைப் பிரதி செய்வதற்குப் பதிலாக 8 பைற்றுத் துண்டு கைமாறினால் போதும்.

இந்த ஒழுங்கு சரிவர நடக்க ஒரு நிபந்தனை வேண்டும். இரு அலுவலர்களும் பெட்டிகளை ஒரே பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஒருவர் இடமிருந்தும் மற்றவர் வலமிருந்தும் எண்ணினால், 45 என்ற துண்டு வேறொருவரின் கடிதத்தைத் திறக்கும். எனவே, பகிர் நினைவகம் எல்லா முறைவழிகளிலும் ஒரே மெய்நிகர் முகவரியில் அமைய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகள் பாதுகாப்புக் கருதி, ஒவ்வொரு முறைவழியிலும் நினைவகப் பகுதிகளை எழுமாறாக வெவ்வேறு முகவரிகளில் வைக்கின்றன. அத்துமீறி நுழைபவர் முகவரியை ஊகிக்க முடியாமல் செய்யும் ஏற்பாடு இது. இதனால், முதன்மை குறித்து வைத்த முகவரியில் துணையின் வேறொரு பகுதி ஏற்கனவே அமர்ந்திருக்கக்கூடும். அவ்வாறெனின் துணை தொடங்கவே முடியாது. அந்த எழுமாற்று ஏற்பாட்டை நிறுத்தினால் இச்சிக்கல் குறையக்கூடும், ஆனால் அது முற்றாக நீங்கும் என்பது நிச்சயமில்லை, பாதுகாப்பும் குறையும். வேகத்துக்குக் கொடுக்கும் முதல் விலை இது.

7. துண்டுகளைக் கைமாற்றும் வளைய வரிசை

துண்டுகளைக் கொடுத்து வாங்க வளைய வரிசை ஒன்று பயன்படுகின்றது. இது பகிர் நினைவகத்திலேயே உள்ளது. முதலில் வந்தது முதலில் வெளியேறும். அளவு மாறாது. கடைசி இடத்துக்கு அடுத்தது மீண்டும் முதல் இடமாக அமைவதால் "வளையம்" எனப்படுகின்றது.

சாதாரண வரிசை எனின், ஒருவர் எழுதும்போது மற்றவர் தொடாதபடி பூட்டுப் போட வேண்டும். பூட்டுக்காகக் காத்திருந்தால் 200 சுற்றுகள் போய்விடும். டிபிடிகேயின் வளையம் பூட்டு இல்லாமல் இயங்குகின்றது. பலர் எழுத வந்தால், ஒவ்வொருவரும் "கடைசி இலக்கம் நான் பார்த்தபடியே இன்னும் இருந்தால் மட்டும் மாற்று" என்னும் பிரிக்க முடியாத ஒரே கட்டளையினால் தமக்குரிய இடத்தைப் பிடிக்கின்றனர். இடையில் வேறொருவர் முந்திவிட்டால் திரும்ப முயல்கின்றனர்.

இதனைக் காட்ட டிபிடிகேயுடன் எளிய உதாரணச் செய்நிரல் ஒன்று தரப்படுகின்றது. அதில் இரு முறைவழிகளும் இரு வளையங்களும் உள்ளன. ஒரு வளையம் முதன்மையிலிருந்து துணைக்கும், மற்றையது துணையிலிருந்து முதன்மைக்கும் செல்கின்றது. ஒரு பக்கத்தில் தட்டச்சுச் செய்யும் சொல் மறு பக்கத்தில் தோன்றும்.

8. வேலையைப் பங்கிடும் இரு முறைகள்

(அ) சமச்சீர் முறை: எல்லா முறைவழிகளும் ஒரே வேலையைச் செய்யும். வலையமைப்பு அட்டையே பொதிகளைப் பல வரிசைகளாகப் பிரித்துக் கொடுக்கும். அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கொண்டு அட்டை ஓர் எண்ணைக் கணித்து வரிசையைத் தெரிவு செய்வதால், ஒரே உரையாடலைச் சேர்ந்த பொதிகள் ஒரே முறைவழிக்கே செல்லும். முறைவழிகளிடையே பொதி கைமாறத் தேவையில்லை.

(ஆ) சேவையக - பெறுநர் முறை: முதன்மை முறைவழி சேவையகமாக நின்று எல்லாப் பொதிகளையும் பெற்று, ஒவ்வொரு பெறுநர் முறைவழிக்கும் உரிய வளையத்தில் துண்டுகளை இடும். பெறுநர் முறைவழிகள் பொதிகளைக் கையாண்டு வெளியே அனுப்பும். டிபிடிகே தரும் உதாரணத்தில் முறைக்கு ஒருவராகச் சுழற்சியில் பங்கிடப்படுகின்றது.

முதல் முறையில் அட்டை பல வரிசைகளை ஆதரிக்க வேண்டும். இரண்டாம் முறையில் அது தேவையில்லை. பங்கிடும் விதியையும் நாமே எழுதிக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பொதிகளும் சேவையகம் என்னும் ஒரே வாசலால் வருவதால், அதன் வேகமே முழு முறைமையின் எல்லையாகும்.

9. ஒன்று நின்றுபோனால்?

இக்கட்டுரையின் முக்கிய பகுதி இது. சேவையக - பெறுநர் உதாரணத்தையே எடுப்போம்.

பெறுநர் ஒன்று திடீரென நின்றுவிட்டது. சேவையகமும் ஏனைய பெறுநர்களும் தொடர்ந்து ஓடும். நின்ற பெறுநரின் வளையத்தில் துண்டுகளை எடுக்க ஆளில்லை. வளையம் நிரம்பியதும் அதன் பங்குக்கு வரும் பொதிகள் கைவிடப்படும். அப்பெறுநரை மீண்டும் தொடக்கினால் பெயரைச் சொல்லித் தன் வளையத்தைத் தேடிப் பிடித்து வேலையைத் தொடரும். பல முறைவழிகளாகப் பிரித்ததன் பயன் இது.

ஆனால் நின்ற கணத்தில் அதன் கையிலிருந்த துண்டுகள் என்னவாகும்? வழமையான முறைவழி முடிந்தால் அதன் நினைவகத்தைப் பணிசெயல் முறைமை மீட்டுக்கொள்ளும். இங்கு பெட்டிகள் பகிர் நினைவகத்தில் உள்ளன. அவற்றை யார் வைத்திருந்தார் என்று பணிசெயல் முறைமைக்குத் தெரியாது. அப்பெட்டிகள் களஞ்சியத்துக்குத் திரும்பாமலே போகும். இவ்வாறு பல தடவை நடந்தால் வெற்றுப் பெட்டிகள் தீர்ந்துவிடும்.

முதன்மை நின்றால் நிலைமை மேலும் கடினம். இந்த உதாரணத்தில் சேவையகத்தை மீண்டும் தொடக்கினால் எல்லாப் பெறுநர்களையும் மீண்டும் தொடக்க வேண்டும். ஏனெனில் புதிய அலுமாரி அமைக்கப்படுகின்றது. பழைய துண்டுகள் அதற்குப் பொருந்தா.

மேலும், ஒரு முறைவழி தவறான பெட்டியில் எழுதினால் அது மற்றவர்களின் தரவையும் கெடுக்கும். தடுக்கும் சுவர் அங்கு இல்லை. பணிசெயல் முறைமை செய்து வந்த காவல் வேலை இப்போது செய்நிரலாளரின் பொறுப்பு.

10. கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

1. முதன்மை தொடங்கிய பின்னரே துணை தொடங்க வேண்டும்.

2. எல்லா முறைவழிகளும் டிபிடிகேயின் ஒரே பதிப்பைப் பயன்படுத்த வேண்டும். பதிப்பு மாறினால் பகிர் நினைவகத்திலுள்ள தரவின் ஒழுங்கும் மாறலாம்.

3. இரு முறைவழிகள் ஒரே கோரைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு கோருக்கும் வெற்றுப் பெட்டிகளின் சிறு கையிருப்பு ஒன்று பூட்டின்றி வைக்கப்பட்டுள்ளது. இருவர் ஒரே நேரத்தில் அதற்குள் கைவிட்டால் ஒரே பெட்டி இருவருக்கும் போகலாம்.

4. ஒருவர் மட்டும் எழுதுவார் என்று கூறி உருவாக்கிய வளையத்தில் இருவர் எழுதக் கூடாது.

5. செய்நிரலின் கட்டளைகள் இருக்கும் முகவரியை மற்றொரு முறைவழிக்குக் கொடுக்கக் கூடாது. அலுமாரி பொதுவானது என்றாலும் ஒவ்வொரு அலுவலரின் மேசை லாச்சியும் அவருக்கே உரியது. "என் லாச்சியில் மூன்றாவது தாளில் உள்ளபடி செய்" என்று துண்டு கொடுத்தால், பெறுபவர் தன் லாச்சியில் மூன்றாவது தாளை எடுத்து வேறெதையோ செய்வார்.

11. சுருக்கம்

• தனித்தனி நினைவகம் பாதுகாப்பைத் தரும். பரிமாற்றத்துக்குப் பிரதி செய்யும் செலவு ஏற்படும்.
• பகிர் நினைவகம் வேகத்தைத் தரும். பாதுகாப்புப் பொறுப்பு செய்நிரலாளரிடம் வரும்.
• முதன்மை உருவாக்கும், துணை இணைந்துகொள்ளும்.
• பொதி அசையாது, அதன் முகவரி மட்டும் வளைய வரிசையினூடாகக் கைமாறும்.

12. பயிற்சி வினாக்கள்

(1) 1,500 பைற்று அளவுள்ள 1,000,000 பொதிகள் ஒரு முறைவழியிலிருந்து மற்றையதற்குச் செல்ல வேண்டும்.
 (அ) ஒவ்வொன்றையும் ஒரு தடவை பிரதி செய்தால் நகரும் பைற்றுகள் எத்தனை?
 (ஆ) 8 பைற்றுச் சுட்டிகளை மட்டும் கைமாற்றினால் எத்தனை?

(2) பின்வருவனவற்றுள் துணை முறைவழி செய்வது எது?
 (i) பகிர் நினைவகத்தை முதலில் உருவாக்குதல்
 (ii) ஏற்கனவே உள்ள பகிர் நினைவகத்துடன் இணைதல்
 (iii) முதன்மைக்கு முன் தொடங்குதல்
 (iv) குழுவின் ஒழுங்குகளைக் கோப்பில் முதலில் எழுதுதல்

(3) பகிர் நினைவகம் எல்லா முறைவழிகளிலும் ஒரே மெய்நிகர் முகவரியில் அமைய வேண்டும். காரணம் தருக.

(4) பணிசெயல் முறைமை முறைவழிகளுக்குத் தனித்தனி நினைவகம் வழங்காவிட்டால் ஏற்படக்கூடிய இரு தீமைகளைக் குறிப்பிடுக.

விடைக் குறிப்புகள்

(1) (அ) 1,500,000,000 பைற்று (ஆ) 8,000,000 பைற்று
(2) (ii)
(3) கைமாறுவது முகவரி மட்டுமே. ஒரே முகவரி இரு முறைவழிகளில் வெவ்வேறு இடங்களைக் குறித்தால், பெறும் முறைவழி தவறான தரவை எடுக்கும்.
(4) ஒரு முறைவழியின் பிழை மற்றையதன் தரவைக் கெடுக்கலாம். ஒரு முறைவழி மற்றையதன் இரகசியத் தரவை வாசிக்கலாம்.

நான்காம் வினாவுக்கு இக்கட்டுரையைப் பார்க்காமல் உங்கள் சொந்த வசனத்தில் விடை எழுதிப் பாருங்கள். பின்னர் ஒவ்வொரு விடையின் கீழும் "ஏனெனில்" என்று தொடங்கி இன்னொரு வசனம் எழுதுங்கள். அந்த இரண்டாவது வசனம் தடையின்றி வந்தால், "காரணம் தருக" என்னும் வினாவுக்கு இனி நீங்கள் பயப்படத் தேவையில்லை.